மைக்கில் கிடைத்த தாய்வீடு

வெளியுறவுக் கொள்கை என்பது டெல்லியில் கோட்டுப் போட்டவர்கள் கூடி முடிவு செய்வது என்று எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது. அதை மனப்பாடம் செய்து எழுதி நான் மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கோடியக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவளுக்கு அந்தப் பாடம் தேவையே இல்லை. இலங்கையைப் பற்றி இந்த நாடு இந்த வருஷம் என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் எங்கள் ஒன்றியச் செயலாளரின் வேட்டிக் கரையைப் பார்த்தால் போதும்.

அவரை ஊரில் யாரும் பேர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. 'ஒன்றியம்' என்றுதான் சொல்வோம். ஒன்றியம் வந்துட்டார், ஒன்றியம் கோபமா இருக்கார், ஒன்றியத்தைப் பார்த்துட்டு வா என்போம். எந்தக் கட்சி ஆட்சிக்கு வருகிறதோ அந்தக் கட்சியில் அவர் இருப்பார். தேர்தல் முடிவு ரேடியோவில் வருவதற்குள் வேட்டிக் கரையின் நிறம் மாறியிருக்கும். போன கட்சியில் இருந்தபோது வந்த கட்சியின் தலைவரைப் பேசிய பேச்சு என்னவாயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் ரேஷன் கார்டு கிடைக்காது.

அவர் கடல்காரர் இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நஞ்சை வைத்திருந்தவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அந்த நிலமெல்லாம் காணாமல் போயிற்று. கொஞ்சம் மாட்டுக்காரன் பேருக்குப் போனது, கொஞ்சம் செத்துப்போன பெரியம்மா பேருக்கு, கொஞ்சம் யாரும் விளக்கேற்றாத ஒரு சாமியின் பேருக்கு. உழுதவர்கள் அதே ஆட்கள்தான், நெல் போய்ச் சேர்ந்ததும் அதே பத்தாயத்துக்குத்தான். நடவுக் கூலியை ஏற்றிக் கொடு என்று செங்கொடி பிடித்து வந்தவர்களிடம், "எனக்கேதும்மா நிலம்?" என்று இரண்டு கையையும் விரிப்பார். பொருளை மடியில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லும் அந்த வித்தையை வயலில் கற்றுக்கொண்டுதான் கடற்கரைக்கு வந்தார்.

அக்கரையிலிருந்து பையன்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. டெல்லிக்கு அவர்கள் வேண்டியிருந்தார்கள். சென்னைக்கும் வேண்டியிருந்தார்கள். அவர்கள்மேல் யாருக்கு அதிகப் பாசம் என்று கட்சிகளுக்குள் போட்டியே நடந்தது. எங்கள் சவுக்குத் தோப்புகளில் என்ன பயிற்சி நடக்கிறது என்று ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும், அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது என்று பேப்பரில் போடுவார்கள். ஒன்றியம் அம்பாசிடர் காரில் வந்து இறங்கி, மணலில் செருப்புப் புதையப் புதைய நடந்து, கடலைப் பார்த்துக் கண் கலங்குவார். ஒருமுறை கையை நீட்டி, "அதோ, அங்கே என் ரத்தம் துடிக்கிறது" என்று பேசினார். அவர் கை காட்டிய திசையில் நாகப்பட்டினம் இருந்தது. எங்கள் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

எங்களுக்கு அந்தக் கரை பழக்கமான கரை. திருவிழா பார்க்க அங்கிருந்து இங்கே தோணியில் வருவார்கள், இங்கிருந்து அங்கே போவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வலை அறுந்து திசை தப்பினால் எந்தக் கரையில் ஒதுங்கினாலும் சோறு கிடைக்கும். இதற்கெல்லாம் தொப்புள்கொடி என்று பேர் வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. அந்தப் பேரை மேடைக்காரர்கள் வைத்தார்கள். அவர்கள் பேர் வைத்த நாளிலிருந்துதான் எல்லாம் கெட்டது.

அப்படி ஒரு படகில் வந்தவள்தான் என் அண்ணி. அவளுடைய அம்மா வரவில்லை. வீட்டையும் பசுவையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டாள். மகளை மட்டும் பக்கத்து வீட்டுக்காரியோடு அனுப்பி வைத்தாள். அகதி முகாமில் அரிசிக்கு நின்றவளுக்கு என் அண்ணன் மீன் கொண்டுபோய்க் கொடுத்தான். முதலில் சும்மா கொடுக்கிறான் என்று நினைத்தோம். வஞ்சிரமாகத் தேடிக் கொடுக்க ஆரம்பித்தபோது சும்மா இல்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

எங்கள் குப்பத்தில் ஒரு கல்யாணம் கல்யாணமாக வேண்டுமென்றால் தாலி மட்டும் போதாது. மாப்பிள்ளையின் ஊர்ப் பஞ்சாயத்தார் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்ட வேண்டும், பெண்ணின் ஊர்ப் பஞ்சாயத்தார் அதைக் கைநீட்டி வாங்க வேண்டும். வாங்குகிற கைதான் அந்தப் பெண்ணுக்குத் தாய்வீடு. நாளைக்குப் புருஷன் அடித்தாலும், அவள் கோபித்துக்கொண்டு கிளம்பினாலும், தலைப்பிரசவத்துக்குப் போனாலும் அந்தக் கைதான் பதில் சொல்ல வேண்டும். அண்ணியின் ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தது. தட்டை வாங்க ஆள் இல்லாமல் பஞ்சாயத்தார் பந்தலில் முழித்துக்கொண்டு நின்றார்கள்.

தலைமை தாங்க வந்திருந்த ஒன்றியம் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பெண் அநாதை என்று எவன் சொன்னான்? இன்று முதல் இவள் என் மகள். என் வீடுதான் இவளுக்குத் தாய்வீடு" என்றார். பந்தல் கை தட்டியது. முன்வரிசையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார், அவர் மட்டும் கை தட்டவில்லை. ஒன்றியம் தட்டை வாங்கிக்கொண்டார். போட்டோக்காரர் வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை வாங்கச் சொன்னார், இன்னொரு தடவையும் வாங்கினார். அந்தப் போட்டோவைப் பெரிதாகப் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார்.

மேடையில் பேசியதை மேடையிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் நாட்டு வழக்கம். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். எங்கள் குப்பத்து ஆட்கள் மட்டும்தான் அதை முறை என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு விவரம் கெட்டவர்கள்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. கொஞ்ச காலம் டெல்லி அந்தப் பையன்களுக்குச் சோறு போட்டது. பிறகு அமைதி காக்கிறேன் என்று படையை அனுப்பி, அவர்களோடேயே சண்டை போட்டது. டெல்லியில் ஆட்சி மாறியது, போன படையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சென்னையில் ஆட்சி வந்தது, கலைந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றியத்திடம் ஒரு பேச்சு தயாராக இருந்தது. தம்பிகள் என்றவர் போராளிகள் என்றார், பிறகு 'அந்த இயக்கத்தவர்' என்றார், கடைசியில் 'ஊடுருவியவர்கள்' என்றார். நாக்குக்கு நரம்பில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

நடக்கக்கூடாத ஒரு கொலையும் நம் மண்ணில் நடந்தது. செய்தவர்களை நான் அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அது நடந்த அன்று என் அண்ணி எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். புது ஆட்சிக்கு இந்த வித்தியாசமெல்லாம் பார்க்க நேரமில்லை. அக்கரைக்காரர்கள் எல்லாரும் முகாமுக்குள் இருக்க வேண்டும், அங்கிருந்து கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஆயிற்று. திரும்புகிறவர்கள் விரும்பித் திரும்புகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். டீக்கடையில் அதுவரை அண்ணிக்கு இனிப்புத் தூக்கலாக டீ போட்டுக் கொடுத்தவன் அவளைக் கண்டால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தாசில்தார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டாகியிருந்த அண்ணிக்கு எட்டு மாசம் முடிந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் தைரியம் வேண்டும், அது அவரிடம் கிடையாது.

"கல்யாணத்தை ரிஜிஸ்தர் பண்ணலையேம்மா" என்றார் என் அம்மாவிடம். "குப்பத்துல கட்டுன தாலியை நான் மேல எப்படிக் காட்டுறது? உங்க ஒன்றியம் தலைமையில நடந்துச்சுன்னு சொல்றீங்க. அவரு ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லட்டும், இது நிஜக் கல்யாணம்தான்னு எழுதி முடிச்சுடுறேன். இல்லைன்னா இவங்க முகாமுக்குப் போகணும், அடுத்த கப்பல்ல ஏறணும். என் கையில ஒண்ணும் இல்லை."

ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. என் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். முகம் கறுத்துத் திரும்பி வந்தான்.

"எந்தக் கல்யாணம்னு கேக்கிறாரும்மா. நான் எத்தனையோ கல்யாணத்துக்குப் போறேன், எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்க முடியுமாங்கறாரு. கூடத்துல அந்தப் போட்டோ இருந்த இடத்துல புதுத் தலைவர் படம் மாட்டியிருக்கு."

அண்ணி துணியை மடித்து ஒரு பையில் வைக்க ஆரம்பித்தாள். அம்மா அந்தப் பையைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டுப் பஞ்சாயத்துக்குப் போனாள்.

பஞ்சாயத்தில் கொள்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. நாட்டாமை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தட்டை வாங்குனாரா, இல்லையா?"

"வாங்குனாருங்க. ரெண்டு வாட்டி வாங்குனாரு."

"அப்ப தலைப்பிரசவம் அங்கதான். கொண்டு போயி விட்டுட்டு வாங்க."

படித்தவளான எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அந்த ஆள் போலீஸைக் கூப்பிடுவான் என்று சொன்னேன். "கூப்பிடட்டும், அவுங்க வீட்டுப் பொண்ணை அவுங்க என்ன செய்றாங்கன்னு ஊரு பார்க்கட்டும்" என்றாள் அம்மா. மறுநாள் ஐந்து வகைக் கட்டுச்சோறு கிண்டினார்கள். கண்ணாடி வளையல் வாங்கினார்கள். கிடைத்த வண்டி மீன் ஏற்றும் டெம்போதான். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, கவிச்சி அடிக்க அடிக்க, மேளத்தோடு நாங்கள் ஒன்றியத்தின் வீட்டு வாசலில் போய் இறங்கினோம்.

பொன்னுருகக் காயும் புரட்டாசி வெயில். எங்கள் அதிர்ஷ்டம், அன்றைக்கு அவர் வாசல் புளியமரத்தடியில் நடவுப் பெண்கள் கூலி கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். இல்லாத நிலத்தில் நட்ட நாற்றுக்குக் கூலி. காலையிலிருந்து கோஷம் போட்டு அலுத்திருந்தவர்கள் எங்கள் மேளத்தைக் கேட்டு எழுந்து நின்றார்கள்.

ஒன்றியம் வெளியே வந்து மூக்கைச் சுளித்தார். "என்ன இதெல்லாம்?"

அம்மா தட்டை நீட்டினாள். "பொறந்த வீட்டுலேருந்து வந்து வளையல் போட்டு அழைச்சுக்கிட்டுப் போவீங்கன்னு பார்த்தோம். வேலை ஜாஸ்தி போல. அதான் நாங்களே கொண்டாந்து விடுறோம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானேங்க."

நடவுப் பெண்களில் ஒருத்தி விஷயம் புரிந்ததும் குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஒனக்கென்ன பைத்தியமா?" ஒன்றியம் குரலைத் தாழ்த்தினார். "இப்ப யாரு ஆட்சி, என்ன நிலைமைன்னு தெரியுமா? அப்ப வேற, இப்ப வேற."

"பொண்ணு அதேதாங்க" என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி வந்தார். அந்த அம்மாவின் குரலை அன்றுதான் நான் முதல்முறையாகக் கேட்டேன். "யாரு ஆட்சியா இருந்தா என்ன, நெறமாசக்காரி வெயில்ல நிக்கிறா" என்று சொல்லிக்கொண்டே ஒரு செம்புத் தண்ணீரை அண்ணியின் காலில் ஊற்றிக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். ஒன்றியம் போனுக்கு ஓடினார். என் வீட்டுக்குள் யாரோ ஒரு அந்நியப் பெண்ணை விட்டுவிட்டார்கள், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் கத்தியது மரத்தடி வரைக்கும் கேட்டது. அந்நியப் பெண்ணுக்கு அப்போது உள்ளே ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

ஜீப் வந்தது. தாசில்தார் இறங்கினார், கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். அவர் ஒன்றியத்திடம் கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார்.

"அண்ணே, நீங்க சொன்னா போதும். இந்தக் கல்யாணம் உங்க தலைமையில நடந்ததுதானே?"

"எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணை நான் பார்த்ததே இல்லை."

இத்தனை ஜனத்துக்கு நடுவில், நல்ல வெயிலில், கூசாமல் சொன்னார். அண்ணி சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள், முகத்தில் தெரிந்தது. "விடுங்கோ மாமி. இவரிட்டக் கெஞ்ச வேண்டாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். எந்தக் காற்றிலும் படகு விடுகிற என் அண்ணன், ஒரு போலீஸ்காரரின் பிடிக்குள் நின்று வாய்விட்டு அழுதான். எனக்கு அந்த நிமிஷம் ஒன்றியத்தின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்றிருந்தது. துப்பியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஜீப்பைக் கிளப்பப் போனபோது அந்த அம்மா உள்ளேயிருந்து ஒரு துணிப்பையோடு வந்தார். யாரையும் பார்க்காமல் ஜீப்பில் ஏறி அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தாசில்தாருக்கு வியர்த்துவிட்டது. "நீங்க எங்கம்மா?"

"முகாமுக்கு. தலைப்பிரசவத்துக்கு வந்த பொண்ணைத் தனியா அனுப்புற வழக்கம் எங்க வீட்டுல இல்லை. பேறுகாலம் முடிய நான் அங்கேயே இருந்துக்கறேன். வண்டியை எடுங்க."

"இறங்கு" என்றார் ஒன்றியம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க மைக்ல சொன்னப்ப நான் முன்னாடிதான் ஒக்காந்திருந்தேன்" என்றார் அந்த அம்மா.

மரத்தடியில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஆளும் கட்சி ஒன்றியச் செயலாளரின் மனைவி அகதி முகாமில் படுத்திருக்கிறாள் என்ற செய்தி எந்த ஊர் வரைக்கும் போகும், யார் காதில் விழும், பதவி என்னவாகும் என்று அந்த மனிதர் கணக்குப் போடுவதை நாங்கள் எல்லாரும் அவர் முகத்தில் பார்த்துக்கொண்டு நின்றோம். கணக்கில் அண்ணி இல்லை, பிறக்கப் போகிற பிள்ளை இல்லை.

"எழுதிக்குங்க" என்றார் கடைசியில். "நடந்துச்சு. நான்தான் வெத்திலை வாங்குனேன்."

தாசில்தார் ஜீப்பின் முகப்பிலேயே தாளை வைத்து எழுதினார். டெல்லியும் சென்னையும் சேர்ந்து எடுத்த முடிவு, ஒருத்தி ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததால், ஒரே ஒரு பெண்ணின் விஷயத்தில் மட்டும் மாறியது. முகாமில் இருந்த மற்றவர்களுக்கு வாசலில் வந்து நிற்கத் தாய்வீடும் இல்லை, ஜீப்பில் ஏற ஆளும் இல்லை.

பல வருஷம் கழித்துக் காற்று மறுபடி திரும்பியது. ஈழம் பேசினால் ஓட்டு விழும் என்று ஆனதும், "அந்தக் கொடுங்காலத்தில் அரசாங்கத்தை எதிர்த்து என் வீட்டில் வைத்து ஒரு தங்கைக்குப் பிரசவம் பார்த்தவன் நான்" என்று ஒன்றியம் மேடைக்கு மேடை முழங்கினார். கல்யாணத்தன்று மகளாக இருந்தவள் அதற்குள் தங்கையாகியிருந்தாள். ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

அவர் சொன்னதில் ஒன்று நிஜம்: அன்றைக்கு ஜீப்பிலிருந்து இறக்கி அந்த அம்மா திரும்ப உள்ளே அழைத்துப் போனதால் பிரசவம் அந்த வீட்டில்தான் நடந்தது. பெண் குழந்தை. பார்த்துக்கொண்டது முழுக்க அந்த அம்மா. நானும் உதவிக்குக் கூட இருந்தேன். இங்கே உள்ளவனின் மனைவி என்று எழுதியாகிவிட்டதால் அண்ணிக்கு இனிக் கப்பல் கிடையாது. படகில் போக வழியும் அடைபட்டிருந்தது. அது அவளுக்குத் தாசில்தார் எழுதும்போதே தெரியும். அம்மா இருக்கும் கரையா, புருஷன் இருக்கும் கரையா என்று அவளைக் கேட்காமலே மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். நாங்களும் அதில் சேர்த்திதான். அவள் தன் அம்மாவை அதன்பிறகு பார்க்கவே இல்லை.

கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள், படகில் அவளோடு வந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரி முகாமில் சொல்லிக்கொண்டு குழந்தையைப் பார்க்க வந்தாள். ஊருக்குத் திரும்பப் போகிறவள். குழந்தையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கொம்மா கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள்.

அண்ணி எட்டிக் குழந்தையின் துணியை இழுத்து மூடினாள். பிறகு, "பிள்ளை தாய்வீட்டில பிறந்தது எண்டு சொல்லுங்கோ அக்கா. அப்பா மாதிரி ஒருத்தர் என்னை வைச்சுப் பாக்கிறார், ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுங்கோ. அம்மா கவலைப்படாமல் இருக்கட்டும்" என்றாள்.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒன்றியத்தின் காதில் அது விழுந்தது. பேப்பரை மடித்து வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு, "கேட்டியா, என்ன சொல்லுதுன்னு?" என்றார். அந்த மனிதர் அதை நம்பினார்.

அந்த அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சுவர்ப் பக்கம் திரும்பிச் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்த அண்ணியின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.